ரத்த உறவு: இல்லை

கம்ஷாத்துக்கு இரண்டு அம்மா என்பது எங்கள் ரயில் குடியிருப்பில் நாய்க்குக்கூடத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். நானும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டதால் என்ன ஆனது என்பதைத்தான் எழுதப்போகிறேன் என்பதால் என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் குல்ஷிரா. கம்ஷாத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவள். புற்றுநோய் மருத்துவமனையில் நர்ஸ். புதிதாக வருகிற நோயாளியை உட்காரவைத்து, பெயர் என்ன, வயது என்ன, வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தது என்றெல்லாம் கேட்டுப் படிவம் நிரப்புவது என் வேலை. கையெழுத்து அழகாக இருக்கும் என்று எனக்குப் பெயர் உண்டு.

பெய்செனும் சாபித்தும் அண்ணன் தம்பி. அண்ணன் பெய்சென் ரயில்வேயில் கீமேன். தோளில் சுத்தியலும் இடுப்பில் சிவப்புக் கொடியுமாகத் தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பார். அவருக்கும் ஒரின்ஷாவுக்கும் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் குழந்தை இல்லை. தம்பி சாபித்துக்குக் கல்யாணமான மறுவருடமே, எழுபத்து நாலாம் வருடம், அவன் மனைவி சாகிலா ஒரு பெண்ணைப் பெற்றாள். இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஜனங்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். தலைச்சன் பிள்ளையை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஒரு ஆட்டை அறுத்து, அதன் கால் எலும்பைக் குழந்தையின் விரல்களுக்குள் பிடிக்கவைத்து, “இனிமே இது பெய்சென் பிள்ளை” என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் முடிந்தது. பெற்றவளிடம் யாரும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண், பால் கட்டி, மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாள் என்று என் அம்மா சொல்வாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். குழந்தை அழுதால் இரண்டு வீட்டுக்கும் கேட்கும்.

ஒரின்ஷா பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பெறாத பிள்ளையை அப்படி வளர்த்தவளை நான் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் பள்ளிக்கூட வாசலில் கம்பளிச் சால்வையோடு வந்து நிற்பாள். மற்ற அம்மாக்கள் யாரும் வந்ததில்லை. பிள்ளைகள் கேலி செய்வோம். கம்ஷாத் காது சிவக்க நடந்து போவாள். போகும்போது அம்மாவின் கையை விட மாட்டாள்.

பதினோரு வயதில் ஒருநாள், விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் ஒருவன், “பெத்தவளே வேணாம்னு தூக்கிக் குடுத்தவதானே நீ” என்றான். அவன் மூக்கை உடைத்துவிட்டுத்தான் கம்ஷாத் ஓய்ந்தாள். அப்புறம் தண்ணீர்க் குழாயடியில் கையிலிருந்த ரத்தத்தைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“எனக்கு எல்லாம் தெரியும்டி. ரொம்ப நாளாத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்னு எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா செத்துருவாங்க. நீயும் வாயத் தொறக்காத.”

நான் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அது பெரிய காரியமும் இல்லை. வளர்த்தவர்கள் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பது அவர்கள் சாப்பிடுகிற தட்டில் துப்புவதற்குச் சமம் என்று எல்லோருக்கும் தெரியும். கம்ஷாத் பெற்றவளைச் சித்தி என்றே கூப்பிட்டாள். சித்திக்கு அதன்பிறகு மூன்று பையன்கள் பிறந்தார்கள், பெண் பிறக்கவில்லை.

தொண்ணூற்றாறில் சாகிலா செத்துப்போனாள். வயது நாற்பத்து நாலு. கை காலெல்லாம் குச்சியாகி வயிறு மட்டும் நிறைமாசக்காரி மாதிரி இருந்தது. கிட்னி என்று சொன்னார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு எது வந்தாலும் கிட்னிதான், இல்லாவிட்டால் கண்ணேறு. சாவு வீட்டில் மகள்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள். சாகிலாவுக்கு அந்த இடத்தில் உட்கார ஆள் இல்லை. நாத்தனார் ஒருத்தி கடமைக்கு உட்கார்ந்து இழுத்தாள். “பொண்ணு இல்லாத சாவு, பாவம்” என்று ஒரு கிழவி பெருமூச்சு விட்டாள். கம்ஷாத் அப்போது பால் டீக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள். அன்றைக்கு நாற்பது ஐம்பது பேருக்கு அவள்தான் டீ ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அப்போது அவள் ரயிலில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. தொலைதூர வண்டியில் ஒரு பெட்டிக்குப் பொறுப்பாளி. டிக்கெட் பார்ப்பது, படுக்கை விரிப்பது, வெந்நீர் அடுப்புக்குக் கரி போடுவது, குடிகாரனை இறக்கிவிடுவது எல்லாம் அவளே. வாய் அப்படி. டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவன் எவனும் முதலில் உறவுதான் கொண்டாடுவான். “தங்கச்சி, நாமெல்லாம் ஒரே வம்சம்” என்பான். “சரிண்ணே, ஏழு பாட்டன் பேரையும் சொல்லுங்க, ஏழு பேருக்கும் சேத்து டிக்கெட் போட்டுடறேன்” என்பாள். எங்கள் ஆண்கள் ஏழு தலைமுறைப் பாட்டன் பெயரைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். அத்தை எதனால் செத்தாள் என்று கேட்டால் முழிப்பார்கள். எத்தனையோ படிவம் நிரப்பியவள் நான், எனக்குத் தெரியும்.

கல்யாணம் நடந்தது, அய்கனிம் என்று ஒரு பெண் பிறந்தாள், புருஷன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு மேற்கே போனான், அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனோம். “கடலே வத்தி ஓடிப்போன நாட்டுல புருஷன் ஓடிப்போனது ஒரு சேதியா, உக்காருங்கடி” என்று பவுர்சாக் மாவுருண்டை பொரித்துப் போட்டாள். பெய்சென் அதற்குள் காலமாகியிருந்தார். பெரியம்மாவும் கம்ஷாத்தும் அய்கனிமும் என்று மூன்று பெண்கள் ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்தார்கள். அவள் வண்டியில் போகிற நாட்களில் பெரியம்மா பேத்தியைப் பார்த்துக்கொள்வாள். வண்டி எங்கள் ஸ்டேஷனில் நாலு நிமிஷம் நிற்கும். அந்த நாலு நிமிஷத்துக்குச் சூடான இறைச்சிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது அக்டோபரில் கம்ஷாத் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். சீருடை இடுப்பில் பொத்தான் போட முடியவில்லை, டீயைக் குறைத்தும் வயிறு குறையவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஸ்கேன் தாள் ஏற்கெனவே என் கையில் இருந்தது. சினைப்பையில் கட்டி, வயிற்றில் நீர். வயது நாற்பத்தைந்து. பக்கத்து நாற்காலியில் பெரியம்மா, எழுபத்தொன்பது வயதில் முதுகு வளையாமல், மகளின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படிவத்தில் கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டேன். அம்மா உயிரோடு இருக்கிறாரா, ஆரோக்கியம் எப்படி? பெரியம்மாவே பதில் சொன்னாள். ரத்தக்கொதிப்பு தவிர வேறொன்றுமில்லை, தன் பிறந்த வீட்டில் எல்லோரும் தொண்ணூறைத் தாண்டித்தான் போனார்கள், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வம்சம் என்றாள். எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்விக்கு வந்தேன். குடும்பத்தில் யாருக்காவது மார்பிலோ வயிற்றிலோ புற்று வந்திருக்கிறதா?

பெரியம்மா மடியிலிருந்த கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். பிறகு கம்ஷாத் சொன்னாள்.

“சித்தி ஒருத்தங்க இருந்தாங்க. வயிறு வீங்கிச் செத்தாங்க. ஆனா அவங்க எங்கப்பாவோட தம்பி பொண்டாட்டி. கல்யாணமாகி வந்தவங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். குழாயடியில் பார்த்த அதே பார்வை. நான் தலையைக் குனிந்து எழுதினேன்: சித்தி, வயிற்றுக் கட்டி, நாற்பத்து நாலு வயதில் மரணம். ரத்த உறவு: இல்லை.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அன்றைக்கு எனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் டாக்டர் தமாரா, மீசை முளைத்த சிப்பாய் மாதிரி கண்டிப்பானவர், நர்ஸ்களையெல்லாம் கூட்டிவைத்துப் புது மாத்திரை ஒன்றைப் பற்றி வகுப்பெடுத்தார். நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ தினமும் ஆயிரக்கணக்கான இடத்தில் பழுதாகிறதாம். இரண்டு இழையில் ஒன்று மட்டும் அறுந்தால் ‘பார்ப்’ என்கிற என்சைம் முதலில் ஓடிவந்து அந்த இடத்தில் உட்காரும், மற்றவர்களைக் கூப்பிடும், பழுது சரியானதும் எழுந்து போய்விடும். இரண்டு இழையும் ஒன்றாக அறுந்தால் அதற்கு வேறு ஆள், பி.ஆர்.சி.ஏ என்ற மரபணுவின் வேலை அது. சில குடும்பங்களில் அந்த மரபணு கெட்டுப்போய்ப் பரம்பரையாக வரும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று பிறக்கும்போதே கெட்டிருந்தாலும் மற்றொன்றை வைத்து உடம்பு சமாளிக்கும். ஏதோ ஒரு செல் அந்த நல்லதையும் தொலைக்கும்போதுதான் புற்றாக மாறுகிறது. மாத்திரை என்ன செய்கிறது என்றால் பார்ப்பை உட்கார்ந்த இடத்திலேயே எழுந்திருக்க விடாமல் ஒட்டவைத்துவிடுகிறது. செல் தன் டி.என்.ஏவைப் படியெடுக்கும்போது அதில் முட்டி இரண்டு இழையும் அறுகிறது. நல்ல செல்லிடம் பெரிய பழுது பார்க்கிற ஆள் இருப்பதால் பிழைத்துக்கொள்ளும். புற்று செல்லிடம் இல்லை, அது சாகும். அதனால் மரபணு கெட்டவர்களுக்குத்தான் இந்த மாத்திரை அப்படி வேலை செய்யும். முதல் சிகிச்சையில் கட்டி கரைந்த கையோடு கொடுத்தால் வருடக்கணக்கில் திரும்பி வராமல் நிறுத்திவைக்கலாம் என்றார்.

யாருக்கு மரபணு கெட்டிருக்கிறது என்று பார்க்க ரத்தத்தைத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அந்த வருடம் எங்களுக்கு வந்த சோதனைப் பெட்டி பன்னிரண்டு. நோயாளிகள் அதைப்போல் நாலு மடங்கு. குடும்பத்தில் முன்பே யாருக்காவது வந்திருந்தால் அவர்களுக்கு முதலிடம் என்று டாக்டர் படிவங்களைப் புரட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். கம்ஷாத்தின் படிவம் வந்தது. “இவங்க குடும்பத்துல யாரும் இல்ல” என்று அதை அடியில் வைத்தார். என் கையெழுத்து எடுப்பாகத் தெரிந்தது.

அன்று மத்தியானமே வார்டுக்குப் போய், பெரியம்மா வெந்நீர் பிடிக்கப் போன நேரத்தில், எல்லாவற்றையும் கம்ஷாத்திடம் சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பார்ப் என்பது உங்கப்பா மாதிரி, லைனில் நடந்து போகிற கீமேன். விரிசலைப் பார்த்தால் கொடி காட்டி ஆளைக் கூப்பிடுவார். மற்றது, வண்டியே கவிழ்ந்தால் ஓடிவருகிற மீட்பு ரயில். உன் கட்டியிடம் மீட்பு ரயில் இல்லாமலிருக்கலாம். அப்படியென்றால் கீமேனைப் பிடித்துத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுவிட்டால் கட்டி ஒழிந்துவிடும் என்றேன்.

“நல்லா இருக்குடி. செத்துப்போன எங்கப்பாவத் தண்டவாளத்துல கட்டிப்போட்டு என்னக் காப்பாத்தப் போறீங்க.” தலைமுடி எல்லாம் கொட்டியிருந்தது. சிரித்தபோது முகம் சின்னப்பிள்ளை முகமாகத் தெரிந்தது.

படிவத்தைத் திருத்திவிடட்டுமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. சோதனையில் கெட்டது என்று வந்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்றாள். யார் வழியாக வந்தது என்று கேட்பார்கள் என்றேன். அப்புறம் அது அம்மா காதுக்குப் போகாமல் இருக்குமா என்றாள். இந்த மருத்துவமனையில் துடைக்கிறவளும் டிரைவரும் சமையற்காரியும் எங்கள் குடியிருப்பு ஆட்கள். இங்கே ஒருவர் தும்மினால் அங்கே நல்லாயிருன்னு சொல்லுவார்கள்.

“அவங்களுக்கு எண்பது வயசாகப்போகுது. நாப்பத்தஞ்சு வருஷமா என்னப் பெத்ததா நெனச்சிட்டு இருக்காங்க. இப்பப் போயி, நீ இல்ல, சித்திதான்னு பேப்பர்ல எழுதிக் காட்டணுமா? வேணாம். கட்டிதான் கரையுதே. அவங்க இருக்கற வரைக்கும் வேணாம்.”

அவள் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். எழுதினதை அடித்துத் திருத்தி, டாக்டர் தமாராவிடம் போய் நின்று, தெரிந்தே தப்பாக எழுதினேன் என்று சொல்ல வேண்டிய வேலை எனக்கு மிச்சமானது. அவள் ஆசையை நிறைவேற்றுகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். படித்தவள், வேலை தெரிந்தவள், பயந்தாங்கொள்ளி.

கட்டி கரைந்தது உண்மைதான். முடி வளர்ந்து அவள் மறுபடி வண்டியில் ஏறினாள். பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மருந்து ஏற்றினோம், அடங்கியது, எட்டு மாதத்தில் மறுபடி வந்தது. மூன்றாவது முறை நாலே மாதம். ஒவ்வொரு முறையும் மருந்துக்குக் கட்டி குறைவாகவே பணிந்தது. ஒவ்வொரு முறையும் நான் கம்ஷாத்தைக் கேட்டேன், ஒவ்வொரு முறையும் அவள் தலையாட்டி மறுத்தாள், நான் என் மேஜைக்குத் திரும்பிப் போனேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஏப்ரல். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் தமாரா கட்டிலருகே இருந்த பெரியம்மாவிடம் நல்ல வார்த்தையாக நாலு பேச நினைத்தார். அவருக்கு அது வராது. மாத்திரை ஒன்று இருக்கிறது, ஆனால் அது தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ இந்த நோய் வருகிற குடும்பத்துக்குத்தான் முக்கியமாகக் கேட்கும், உங்கள் வம்சம் சுத்தமான வம்சம், உங்களிடமிருந்து மகளுக்கு எதுவும் வரவில்லை, அந்த மட்டும் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பெரியம்மா எழுந்து நேராக என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“பேப்பர எடு.”

எடுத்தேன்.

“எழுது. அவளப் பெத்தது நான் இல்ல. சாகிலா. சாகிலாவோட அம்மாவும் வயிறு வீங்கித்தான் செத்தா, அவ அக்காவுக்கு மார்ல கட்டி. எல்லாம் எழுது.”

“உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பெரியம்மா... கம்ஷாத்துக்குத் தெரியும்னு உங்களுக்கு...” என்று உளறினேன்.

“அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வயசுல எவனோ மூக்க ஒடச்சிட்டு வந்தாளே, அன்னிக்கு அவ என்னக் கட்டிப் பிடிச்ச பிடியிலயே தெரிஞ்சுபோச்சு. சாகிலா செத்த அன்னிக்கு டீக் கிண்ணத்தத் தூக்கிட்டு அலைஞ்சா. போயி உன் எடத்துல உக்காருடின்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துச்சு. அவ மறைக்கறத நான் ஏன் ஒடைக்கணும்னு இருந்துட்டேன்.” மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “மூணு வருஷமா இந்த நாற்காலியிலதானே இருக்க நீ. ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கக் கூடாதா? நான் என்ன கண்ணாடியா, தொட்டா ஒடஞ்சிபோறதுக்கு?”

நான் எழுதினேன். பழைய வரியை அடிக்கும்போது தாள் கிழிந்துவிட்டது. டாக்டர் தமாராவிடம் என் தவறையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கிழிந்த தாளை வாங்கிப் படித்துவிட்டு, “ரத்தம் எடுங்க” என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

கம்ஷாத்துக்கு விஷயம் தெரிந்தபோது கோபத்தில் கத்தினாள். என்னை அல்ல, அம்மாவை. யாரைக் கேட்டு அதைச் சொன்னாய், நீதான் என் அம்மா, பேப்பரில் வேறு பெயர் போட நீ யார் என்று மூச்சு வாங்கக் கத்தினாள். பெரியம்மா தலையணையைச் சரிசெய்துகொண்டே, “பேப்பர்ல இல்லன்னா என்னடி, பக்கத்துல இருக்கேன்ல” என்றாள். அப்புறம் இருவரும் அழுதார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மரபணு கெட்டிருந்தது. அய்கனிமுக்கும் பார்த்தோம், அவளுக்கும் இருந்தது. இருபத்து மூன்று வயதில் ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேனுக்கு வர வேண்டியவளாகிவிட்டாள். சாகிலாவின் மூன்று பையன்களையும் கூப்பிட்டோம். ஆண் வழியாகவும் பிள்ளைகளுக்குப் போகும் என்று சொல்லியும், பொம்பளை நோய்க்கு ஆம்பளைக்கு எதற்குச் சோதனை என்று ஒருவனும் வரவில்லை. இவர்களும் ஏழு பாட்டன் பெயரை ஒப்பிப்பவர்கள்தான்.

மாத்திரை காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. முதல் இரண்டு மாதத்தில் வயிற்று நீர் வற்றியது. கம்ஷாத் எழுந்து நடந்தாள், குதிரை இறைச்சி வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டாள், வார்டில் இருந்த எல்லோரையும் கிண்டல் செய்தாள். ஐந்தாவது மாதத்தில் புற்றின் அளவைக் காட்டுகிற ரத்தச் சோதனை எண் ஏறத் தொடங்கியது. இத்தனை முறை மருந்து பார்த்த கட்டி தந்திரம் கற்றுக்கொண்டுவிடும் என்று டாக்டர் தமாரா விளக்கினார். சில செல்கள் அந்தக் கெட்ட மரபணுவைத் தாமே மறுபடி வேலை செய்கிற மாதிரி மாற்றிக்கொள்ளுமாம். அப்புறம் மாத்திரைக்குப் பயப்படாது. முதலிலேயே கொடுத்திருந்தால் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நவம்பரில் ஒருநாள், பனி பெய்துகொண்டிருந்தது, கம்ஷாத் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“பொய் சொல்லாமச் சொல்லு. மொத நாளே எழுதியிருந்தா?”

சொன்னேன். அவளுக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உனக்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் முதல் சிகிச்சை முடிந்தவுடனே மாத்திரை தொடங்கியவர்களில் பாதிப்பேருக்கு மேல் மூன்று நாலு வருடம் திரும்பி வரவில்லை, சிலருக்கு இன்னும்கூட வரவில்லை என்றேன். என் தப்பு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“அய்கனிம் கல்யாணத்தப் பாத்திருப்பேன்” என்றாள். நான் எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

“எங்கம்மாகிட்ட மட்டும் இதச் சொல்லாத. அவங்கதான் மொத நாளு பக்கத்துல இருந்தாங்க. தாங்க மாட்டாங்க.”

சரி என்றேன். வேறென்ன சொல்வேன்?

டிசம்பர் பத்தாம் தேதி போனாள். பெரியம்மாவும் அய்கனிமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒப்பாரியில் பெரியம்மா சாகிலாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லி அழுதாள், நம் பிள்ளையை உன்னிடம் அனுப்புகிறேன் என்று. கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்தெட்டு வருடமாக ஊரே பொத்திவைத்த பேச்சை அவளே எல்லோர் முன்னாலும் அவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

நாற்பதாம் நாள் விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு பாத்திரம் ஒழிக்க நான் தங்கினேன். பெரியம்மா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து டீ ஊற்றினாள். வளையாமல் இருந்த அவள் முதுகு வளைந்துவிட்டது.

“ஒண்ணு கேக்கறேன். மொத நாளு அந்த நாற்காலியில உக்காந்து நானே சொல்லியிருந்தா, எம்பொண்ணு இன்னும் இருந்திருப்பாளா?”

“இல்ல பெரியம்மா. ஒண்ணும் மாறியிருக்காது. அவ நோய் அப்படி.”

கிண்ணத்தில் ஆவி அடங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவதானே உன்ன இப்படிச் சொல்லச் சொன்னா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எம்பொண்ணுடி அவ” என்றாள் பெரியம்மா.